இன்டர்செப்டர் 650: வண்டியும் அதை விற்ற விதமும்

ராயல் என்ஃபீல்ட் இன்டர்செப்டர் 650ன் விவரப் பட்டியலில் முதலில் பார்க்க வேண்டிய எண் 47. அதன் குதிரைத்திறன் அது. 648 சிசி, இரட்டை சிலிண்டர், இவ்வளவு பெரிய எஞ்சினை வைத்துக்கொண்டு 47 தானா என்று உதட்டைப் பிதுக்குகிறவர்கள் உண்டு. கவாசாகி இசட்650 இதே கொள்ளளவில் 65ஐத் தாண்டுகிறது என்பதும் உண்மைதான். ஆனால் ஐரோப்பாவில் ஏ2 உரிமம் (நடுத்தரத் திறன் கொண்ட வண்டிகளுக்கான ஓட்டுநர் உரிமம்) வைத்திருப்பவர் ஓட்டக்கூடிய உச்ச வரம்பு 35 கிலோவாட், அதாவது அதே 47 குதிரைத்திறன். அந்த உரிமக்காரர் பெரிய வண்டி வேண்டுமென்றால் திறனைக் குறைக்கும் கிட் பூட்டித்தான் ஓட்ட வேண்டியிருக்கும். இதை ஷோரூமிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டு போகலாம். விற்பனைத் தந்திரத்தை விளம்பர ஏஜென்சியிடம் விடாமல் எஞ்சின் வரைபடத்திலேயே போட்டுவிட்டார்கள்.

ஒரகடத்திலும் வல்லம் வடகாலிலும் ஆலை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு 350 சிசியில் இங்கே பெரிய எதிரி கிடையாது. 650ல் நிலைமை வேறு. எதிரே ட்ரையம்ப், கவாசாகி, யமஹா. 2017 நவம்பரில் மிலான் கண்காட்சியில் வண்டியைக் காட்டியபோது, வெளிநாட்டுக்காரர்கள் இந்த நிறுவனத்தை எண்ணெய் கசியும் பழைய புல்லட்டோடுதான் சேர்த்துப் பார்த்தார்கள். அந்தப் பெயரை வெறும் பேச்சால் மாற்ற முடியாது. சட்டகத்துக்கு 2015ல் வாங்கிய பிரிட்டனின் ஹாரிஸ் பெர்ஃபார்மன்ஸ், பிரேக்குக்கு ப்ரெம்போவின் பைப்ரே, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கும் ஏபிஎஸ்ஸுக்கு போஷ் என்று, வாங்குபவருக்கு ஏற்கெனவே நம்பிக்கை உள்ள பெயர்களை வரிசையாக நிறுத்தினார்கள். அமெரிக்காவில் 3 ஆண்டு உத்தரவாதமும் சாலையோர உதவியும் கொடுத்தார்கள். புது எஞ்சினை விற்கும் சின்னக் கம்பெனி அதைவிடப் பெரிதாக எதையும் சொல்லத் தேவையில்லை.

பிறகு விலை. 2018 நவம்பரில் இந்தியாவில் ஷோரூம் விலை 2.50 லட்சம் ரூபாயில் தொடங்கியது. அப்போது ட்ரையம்ப் ஸ்ட்ரீட் ட்வின் அதைப்போல் இரண்டரை மடங்குக்கும் மேல். அமெரிக்காவில் 5,799 டாலர். அங்கே பெயர்தான் இடித்தது. இன்டர்செப்டர் என்பது 1960களிலேயே இந்த நிறுவனம் பயன்படுத்திய பெயர் என்றாலும், அந்நாட்டில் அதன் வணிகச்சின்ன உரிமை ஹோண்டாவிடம் இருக்கிறது. அதனால் அங்கே ஐஎன்டி650 என்றே விற்கிறார்கள். பெரிய பிராண்டோடு மோதப் போகிறவர்கள் முதலில் வக்கீலைப் பார்க்க வேண்டும் என்பது இதற்குத்தான்.

விலை குறைவு என்பதற்காக எஞ்சினில் கை வைக்கவில்லை. இழுவைக்கும் ஒலிக்கும் தனிக் குணம் தரும் 270 டிகிரி கிராங்க், அதிர்வைக் குறைக்கும் பேலன்சர் ஷாஃப்ட், ஆறு கியர், சட்டென்று கியரைக் குறைத்தாலும் பின்சக்கரம் துள்ளாமல் காக்கும் ஸ்லிப்பர் கிளட்ச் எல்லாம் உண்டு. உச்ச முறுக்குவிசை 52 நியூட்டன் மீட்டர், 5,250 ஆர்பிஎம்மில். கணக்கை விட ஓட்டத்தில்தான் இது புரியும். நான்காவது கியரில் 40 கிமீ வேகத்தில் உருட்டிக்கொண்டிருந்து ஆக்சிலரேட்டரைத் திருகினால் தட்டாமல் இழுக்கும். காற்றும் ஆயிலும் குளிர்விக்கும் எஞ்சின் என்பதால் ரேடியேட்டர், கூலன்ட், வாட்டர் பம்ப் என்ற தொல்லைகள் இல்லை. வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளும் பாகத்துக்கும் நடுவே விட வேண்டிய மெல்லிய இடைவெளி, ஸ்குரூவும் லாக்நட்டும் வைத்துச் சரிசெய்வது. எஞ்சின் முழுதாக ஆறியபின் டேங்கைக் கழற்றி, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் தகட்டை வைத்துப் பார்த்து, பழகிய மெக்கானிக் முடித்துவிடுவார். ஸ்குரூவுக்குப் பதில் ஷிம் என்னும் சின்னத் தகடு போட்ட எஞ்சினில் அளவு தப்பினால் கேம்ஷாஃப்டையே கழற்றி, சரியான தடிமனில் ஷிம் தேட வேண்டும். சர்வீஸ் சென்டர் தூரமாக இருக்கும் ஊர்களில் இந்த ஒரு வித்தியாசமே வண்டியை விற்றுக் கொடுக்கும். விற்பனையாளர்கள் இதைச் சொல்வதே இல்லை என்பதுதான் வேடிக்கை.

சறுக்கிய இடம் பிரேக் காலிப்பர், பிஸ்டனால் பேடை டிஸ்க்கின் மேல் அழுத்தும் பாகம். குளிர்நாடுகளில் பனி உருகச் சாலையில் உப்புத் தூவுவார்கள். அந்த உப்பு காலிப்பருக்குள் போய் அரித்ததில் பிஸ்டன் இறுகி, லீவரை விட்ட பிறகும் பேட் டிஸ்க்கை உரசிக்கொண்டிருக்கும் ஆபத்து வந்தது. 2020ல் பிரிட்டன், ஐரோப்பா, தென்கொரியாவில் தன் மற்ற வண்டிகளான கான்டினென்டல் ஜிடி, ஹிமாலயனையும் சேர்த்து சுமார் 15,200 வண்டிகளை நிறுவனம் திரும்ப அழைத்தது. நம் ஊர் வெயிலில் வளர்ந்த பாகம் அடுத்தவன் ஊர் குளிரில் என்ன ஆகும் என்பதை ஏற்றுமதிக்கு முன்பே பார்த்திருக்க வேண்டும்.

கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும். சென்டர் ஸ்டாண்டில் போட்டுப் பின்சக்கரத்தைக் கையால் சுற்றுங்கள். லேசான உரசல் சத்தத்தோடு சுற்றினால் சரி, சட்டென்று நின்றால் காலிப்பர் இறுகத் தொடங்கிவிட்டது. பேடைக் கழற்றி, வெளியே தெரியும் பிஸ்டன் விளிம்பை பிரேக் கிளீனரால் துடைத்து, காலிப்பர் நகர்ந்து கொடுக்கும் ஸ்லைடர் பின்னுக்கு பிரேக்குக்கான சிலிக்கான் கிரீஸ் தடவிப் பூட்ட வேண்டும். சாதாரண மஞ்சள் கிரீஸ் தடவினால் ரப்பர் பூட் உப்பிப்போய் பின்னோடு கவ்விக்கொள்ளும். பிரேக் ஆயில் டாட் 4 தரத்தது. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுவது நல்லது. ஸ்போக் நிப்பிள்களிலும் போல்ட் தலைகளிலும் துருவைத் தேடிப் பாருங்கள். குரோம் பளபளப்பைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம்.

சீட் மெல்லியது, ஒரு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தால் வலிக்கும். சிக்னலில் காலை ஊன்றும்போது ஃபுட்பெக் கெண்டைக்காலில் இடிக்கும். பின் ஷாக்கின் ஓட்டம் வெறும் 88 மிமீ. பள்ளம் தெரிந்தால் எழுந்து நிற்பதே புத்தி. டேங்க் 13.7 லிட்டர், நெடும்பயணத்துக்குக் கொஞ்சம் சின்னது.

ஸ்போக் வீல் என்றால் ட்யூப் டயர். 200 கிலோவைத் தாண்டும் வண்டி இரவில் பைபாஸில் பஞ்சரானால் பின்சக்கரத்தைக் கழற்றியே ஆக வேண்டும். 2023ல் கருப்பு எஞ்சின் மாடல்களுக்கு அலாய் வீலும் ட்யூப்லெஸ் டயரும், கூடவே எல்லா மாடல்களுக்கும் எல்இடி முகப்பு விளக்கும் வந்தன. இது தொடக்கத்திலேயே வந்திருக்க வேண்டியது. தோற்றத்துக்காக ஸ்போக்கைப் பிடித்துத் தொங்கிய ஐந்து ஆண்டுகள் வீண்.

இப்போது களமே மாறிவிட்டது. ட்ரையம்ப் ஸ்பீட் 400ஐ 2023ல் 2.33 லட்சத்துக்குக் கொண்டுவந்தார்கள். அதைத் தயாரிப்பது பஜாஜ். ஹார்லி எக்ஸ்440ஐச் செய்வது ஹீரோ. பிஎஸ்ஏ கோல்ட் ஸ்டார் 650ம் 2024ல் இங்கே வந்துவிட்டது. வெளிநாட்டுப் பெயர்களே இங்கே தயாராகும்போது 'நம்ம ஊர் வண்டி' என்ற வாசகத்துக்கு மதிப்பில்லை. போதாததற்கு 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசிக்கு மேற்பட்டவற்றுக்கு ஜிஎஸ்டி 40 சதவீதம். இதே நிறுவனத்தின் 350களுக்கு 18 ஆகக் குறைந்திருக்கிறது. கடையில் இன்டர்செப்டருக்கு முதல் போட்டி பக்கத்து ஸ்டாண்டில் நிற்கும் கிளாசிக் 350தான். அந்த இடைவெளிக்கு என்ன கிடைக்கிறது என்று விற்பனையாளர் சொல்ல வேண்டும். சொல்லத் தெரியாவிட்டால் நெடுஞ்சாலை டெஸ்ட் ரைடு கேளுங்கள். 100 கிமீ வேகத்தில் ஆறாவது கியரில், பின்னால் ஆளோடு ஓவர்டேக் செய்து பார்த்தால் பதில் கிடைத்துவிடும். ஷோரூம் தெருவை ஒரு சுற்றுச் சுற்றினால் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியாது.

புதிது என்றால் அலாய் வீல் மாடலை எடுங்கள், சீட்டுக்கென்று தனியாகக் கொஞ்சம் பணம் ஒதுக்குங்கள். பழையது என்றால் சர்வீஸ் புத்தகத்தில் வால்வு சோதித்த பதிவு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, பத்து கிலோமீட்டர் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்துங்கள். டிஸ்க் அருகே கையைக் கொண்டுபோகும்போதே அனல் அடித்தால் காலிப்பர் வேலைக்கான செலவைக் கழித்துவிட்டு விலை பேசுங்கள்.