இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியாவின் திறன் மதிப்பீடு: ஆறு ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் அனுபவப் பகிர்வு

2019 நவம்பரில் மின்னஞ்சலில் வந்து சேர்ந்த என் மதிப்பீட்டுக் கடிதத்தை அதன் பிறகு எத்தனை முறை திறந்து பார்த்திருப்பேன் என்று எனக்கே கணக்கில்லை. கடிதம் வந்த வாரத்திலேயே அனுபவத்தை எழுதிவிடுகிறவர்கள் உண்டு. நான் அதை வைத்து விண்ணப்பித்து, எல்லைகள் மூடிக்கிடந்த காலத்தைக் கடந்து, மெல்பர்ன் வந்து வேலையிலும் அமர்ந்த பிறகே எழுதுகிறேன். அன்று பெரிதாகத் தெரிந்த சில இப்போது சிறிதாகவும், அன்று கவனிக்காமல் விட்ட சில பெரிதாகவும் தெரிகின்றன.

ஆஸ்திரேலியாவுக்குத் திறன் அடிப்படையிலான விசாவில் வர விரும்பும் பொறியாளரை மதிப்பிடும் பொறுப்பு பெரும்பாலான பொறியியல் தொழில்களுக்கு இன்ஜினியர்ஸ் ஆஸ்திரேலியா என்ற பொறியாளர் சங்கத்திடம் இருக்கிறது. பொறியியல் பட்டங்களை நாடுகள் ஒன்றுக்கொன்று ஏற்றுக்கொள்வதற்காக 1989இல் கையெழுத்தான வாஷிங்டன் உடன்படிக்கையின் கீழ் அங்கீகாரம் பெற்ற பட்டம் வைத்திருப்பவருக்கு வழி எளிது. இந்தியா 2014இல் அந்த உடன்படிக்கையின் முழு உறுப்பினரானதால் நம் பட்டம் எல்லாமே செல்லும் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் இந்தியாவின் தேசிய அங்கீகார வாரியம், தன்னாட்சிக் கல்லூரிகள், பல்கலைக்கழகங்கள் ஆகியவற்றுக்கான முதல் அடுக்கில் அங்கீகரித்த பாடப்பிரிவுகளுக்கு, அதுவும் அங்கீகாரம் நடப்பில் இருந்த ஆண்டுகளில் படித்தவர்களுக்கு மட்டுமே அது பொருந்தும். அண்ணா பல்கலைக்கழகத்தின் இணைப்புக் கல்லூரி ஒன்றில் 2010இல் சிவில் முடித்த எனக்கு அந்தக் கதவு திறக்கவில்லை. மிஞ்சிய வழி, சி.டி.ஆர். என்று எல்லோரும் சொல்லும் தகுதி விளக்க அறிக்கை.

அதன் மையம் மூன்று கேரியர் எபிசோடுகள், அதாவது நாம் செய்த வேலைகளை விவரிக்கும் கட்டுரைகள். ஒவ்வொன்றும் ஆயிரம் சொற்களிலிருந்து 2,500 சொற்களுக்குள் அமைய வேண்டும், பத்திகளுக்கு 1.1, 1.2 என்று எண்ணிட வேண்டும். பிறகு சம்மரி ஸ்டேட்மென்ட் என்ற படிவத்தில், ஒரு தொழில்முறைப் பொறியாளருக்கு உரிய 16 தகுதிக் கூறுகளில் ஒவ்வொன்றும் எந்தப் பத்தியில் வெளிப்படுகிறது என்று எண்ணைக் குறிப்பிட்டுக் காட்ட வேண்டும். இவற்றோடு தொடர்கல்விப் பட்டியல், தற்குறிப்பு, ஐ.இ.எல்.டி.எஸ். என்ற ஆங்கிலத் தேர்வில் ஒவ்வொரு பிரிவிலும் குறைந்தது 6. படிவங்களைப் பொறுத்தவரை இவ்வளவுதான்.

இந்த மதிப்பீட்டில் முதல்நிலைத் தகுதிகள், அதாவது பட்டம் பெற்று வேலைக்கு வரும் பொறியாளரிடம் எதிர்பார்க்கப்படும் தகுதிகள்தான் சோதிக்கப்படுகின்றன என்பதை நான் வெகு தாமதமாகப் புரிந்துகொண்டேன். ஒன்பது ஆண்டு அனுபவம் இருக்கிறதே என்ற மிதப்பில், அப்போது வேலை பார்த்துக்கொண்டிருந்த தோஹா மெட்ரோ நிலையக் கட்டுமானத்தை முதல் எபிசோடாக எடுத்துக்கொண்டேன். இரண்டு வாரம் உட்கார்ந்து எழுதியதைப் படித்துப் பார்த்தால், நிலையத்தின் ஆழமும் கான்கிரீட்டின் கொள்ளளவும் ஒப்பந்த நிறுவனங்களின் பெருமையும் பக்கம் பக்கமாக இருந்தன. துணை ஒப்பந்தக்காரரிடம் இருந்த நான் அதில் எதைத் தீர்மானித்தேன் என்று தேடினால் நான்கு வரி தேறவில்லை. அதைத் தூக்கிப் போட்டுவிட்டு, 2011இல் கடலூர் மாவட்டத்துக் கிராமம் ஒன்றுக்காக வடிவமைத்த ஒரு லட்சம் லிட்டர் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியை எடுத்தேன்.

அந்தத் தொட்டியின் கதை சிறியது. நீர் தாங்கும் கான்கிரீட் கட்டுமானங்களுக்கான ஐ.எஸ். 3370 விதித்தொகுப்பு 2009இல் திருத்தப்பட்டிருந்தது. நான் சேர்ந்த சின்னக் கன்சல்டன்சியிலோ 1965ஆம் ஆண்டுப் பதிப்பின் அட்டவணைகளைக் கொண்டுதான் எல்லாத் தொட்டிகளையும் கணக்கிட்டுக்கொண்டிருந்தார்கள். புதிய விதியின்படி விரிசல் அகலம் 0.2 மில்லிமீட்டரைத் தாண்டக் கூடாது என்று நான் கணக்குப் போட்டபோது, சுவரின் கீழ்ப்பகுதியில் கம்பிகளின் இடைவெளியைக் குறைக்க வேண்டி வந்தது. கம்பிச் செலவு கூடுகிறதே என்று மூத்த பொறியாளர் மறுத்தார். கம்பியின் விட்டத்தைக் குறைத்து எண்ணிக்கையைக் கூட்டினால் எடையைப் பெரும்பாலும் பழைய அளவிலேயே நிறுத்திவிடலாம் என்று இரண்டு கணக்குகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன், ஏற்றுக்கொண்டார். கல்லூரியை விட்டு வந்து ஓராண்டுகூட ஆகாத ஒருவன் செய்த வேலை அது. ஆனால் கோட்பாட்டு அறிவு, விதித்தொகுப்பின் பயன்பாடு, மாற்று வழிகளை ஒப்பிடுதல், செலவுணர்வு, மேலதிகாரியிடம் கருத்தை எடுத்துரைத்தல் என்று பாதிக் கூறுகளை அந்த ஒரு தொட்டியே சுமந்துவிட்டது.

இரண்டாவது, விளாத்திகுளம் பக்கம் கரிசல் மண்ணில் எழுந்த பள்ளிக் கட்டடத்தின் அடித்தளம். மழையில் உப்பி வெயிலில் பாளம் பாளமாக வெடிக்கும் அந்த மண்ணில் சாதாரண அடித்தளம் நிற்காது என்பது ஊரில் கொத்தனாருக்கும் தெரியும். ரூர்க்கியின் மத்தியக் கட்டட ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய, அடியில் குமிழ்போல் விரியும் அண்டர்-ரீம்டு பைல்களை ஏன் தேர்ந்தேன், எந்த ஆழத்தில் ஈரப்பதத்தின் ஏற்ற இறக்கம் அடங்குகிறது என்று எப்படிப் பார்த்தேன் என்பதை எழுதினேன். மூன்றாவதாக, தோஹாவில் ஒரு கூரைத்தளக் கான்கிரீட்டுக்கான முட்டுத் தாங்கிகளை மறுவடிவமைத்தது. மெட்ரோவின் பெயர் அதில் ஒரே ஒரு முறை வருகிறது.

மொழிதான் என்னை அதிகம் அலைக்கழித்தது. ஆங்கில அறிவைச் சொல்லவில்லை. தொழிலில் பழகிப்போன மொழியைச் சொல்கிறேன். நம் பொறியியல் அறிக்கைகளில் ஆளே இருப்பதில்லை. ஆய்வு மேற்கொள்ளப்பட்டது, வரைபடம் ஒப்புதலுக்கு அனுப்பப்பட்டது, குறைபாடு சரிசெய்யப்பட்டது என்றே எழுதிப் பழகியிருக்கிறோம். கேட்டால் 'நாங்கள்' என்போம். 'நான்' என்றால் தற்பெருமை. சி.டி.ஆர். இதற்கு நேர் எதிரான ஒன்றைக் கேட்கிறது: குழு என்ன செய்தது என்பதை விடு, நீ என்ன கணக்கிட்டாய், எதை நிராகரித்தாய், ஏன் என்று சொல். முதல் வரைவை என் மனைவி படித்துவிட்டு, "இதுல நீங்க எங்கங்க இருக்கீங்க?" என்று கேட்டாள், அவள் பொறியாளர் அல்லள், வணிகவியல் படித்தவள். அன்றிரவு ஒவ்வொரு வாக்கியமாக எடுத்து, யார் செய்தது என்று கேட்டு மாற்றி எழுதினேன். மாற்றும்போதுதான் சில வேலைகளை நான் செய்யவே இல்லை, அருகில் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன் என்பதும் தெரிந்தது. அந்த வாக்கியங்களை நீக்கினேன். எபிசோடு 400 சொற்கள் இளைத்தது.

எபிசோடுகளுக்குச் சமமாக நேரத்தைத் தின்றவை வேலை அனுபவச் சான்றுகள். பணி அனுபவத்தையும் சேர்த்து மதிப்பிட வேண்டும் என்றால் தனிக் கட்டணம் கட்ட வேண்டும். கட்டாயமில்லை, ஆனாலும் நான் கட்டினேன். நிறுவனத் தலைப்புத் தாளில் பதவி, காலம், பணிகளின் விவரம் அடங்கிய கடிதமும், அதை உறுதிசெய்யும் வகையில் மூன்றாம் தரப்பு ஆவணங்களும் கேட்பார்கள். 2010 முதல் 2013 வரை இருந்த கன்சல்டன்சியில் மொத்தம் ஒன்பது பேர். இருபது பேருக்குக் குறைவான நிறுவனத்துக்குப் பி.எஃப். கட்டாயமில்லை, கையில் ரொக்கமாக வாங்கிய பத்தாயிரம் ரூபாய்ச் சம்பளம் வருமான வரி வரம்புக்குள் வராததால் ஃபார்ம் 16உம் இல்லை. முதலாளி அன்போடு கடிதம் எழுதிக் கொடுத்தார். அவர் சொல்வதை உறுதிப்படுத்த அரசுத் தாள் ஒன்றுகூட இல்லை. அந்த மூன்று ஆண்டுகளை நான் உரிமை கோரவில்லை. தொட்டியை வடிவமைத்த ஆண்டுகள் எபிசோடில் உண்டு, அனுபவக் கணக்கில் இல்லை என்ற விசித்திரம் அப்படித்தான் நேர்ந்தது. சென்னையில் அடுத்து இருந்த நிறுவனத்தில் பி.எஃப். பாஸ்புக் இருந்தது, ஆனால் மனிதவளத் துறை நான்கு வரி சர்வீஸ் சர்டிபிகேட்டுக்கு மேல் ஒரு வார்த்தை சேர்க்க மறுத்தது. விடுப்பில் வந்தபோது மூன்று முறை போய் உட்கார்ந்த பிறகே பணி விவரம் எழுதிய கடிதம் கிடைத்தது. கத்தாரிலோ தனிநபர் வருமான வரியே கிடையாது என்பதால், வரி ஆவணத்துக்குப் பதிலாகக் குடியிருப்பு அனுமதி, தொழிலாளர் ஒப்பந்தம், மாதாமாதம் சம்பளம் விழுந்த வங்கிக் கணக்கு விவரம் ஆகியவற்றைச் சேர்த்துக் கொடுத்தேன், ஏற்கப்பட்டது. மென்பொருள் துறையில் இருந்து ஆஸ்திரேலியக் கணினிச் சங்கத்திடம் விண்ணப்பித்த நண்பர்களுக்கு அனுபவத்தில் இரண்டு ஆண்டோ அதற்கு மேலோ கழிக்கப்பட்டதைப் பார்க்கும்போது, எங்கள் வழி தேவலை.

தமிழர்களுக்கே உரிய இன்னொரு தொல்லை, இனிஷியல். மதிப்பெண் பட்டியலில் ஓரெழுத்தும் பெயரும். பாஸ்போர்ட்டில் அந்த ஓரெழுத்து விரிந்து அப்பாவின் முழுப்பெயராகிக் குடும்பப் பெயர் இடத்தில் அமர்ந்திருக்கும். இருவரும் ஒருவரே என்று நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் எழுதி முதலிலேயே இணைத்துவிட்டேன். கேள்வி வரவில்லை.

இடையில் ஒரு முகவர் 45,000 ரூபாய்க்கு மூன்று எபிசோடுகளையும் எழுதித் தருவதாகச் சொல்லி, மாதிரிக்கு ஒன்றை அனுப்பினார். அதில் ஒரு பாலம் இருந்தது. தோஹாவில் உடன் வேலை பார்த்த ஒருவர் வேறொருவரிடம் வாங்கியதிலும் அதே பாலம், அதே ஆறு, ஊர்ப் பெயர் மட்டும் வேறு. விண்ணப்பங்களைப் பிரதி கண்டறியும் மென்பொருளில் போட்டுப் பார்க்கிறார்கள். உடன் வேலை பார்த்தவருடையது நிராகரிக்கப்பட்டதோடு, 12 மாதங்களுக்கு மறுபடி விண்ணப்பிக்கவும் தடை விழுந்தது. அவர் மோசமான பொறியாளர் அல்லர். என்னைவிட நன்றாகக் களம் தெரிந்தவர். எழுத உட்காரச் சோம்பல்பட்டார், அவ்வளவுதான்.

என் விண்ணப்பம் ஜூலையில் போனது. அக்டோபரில் ஒரு கேள்வி வந்தது: மூன்றாவது எபிசோடில் முட்டுத் தாங்கிகளுக்கான கணக்கை விளக்குங்கள் என்று. கையால் போட்ட நான்கு பக்கக் கணக்கைத் தேடி எடுத்து வண்ண ஸ்கேன் செய்து அனுப்பினேன். பழைய தாள்களைக் குப்பையில் போடாத என் கெட்ட பழக்கம் அன்று ஒரு நாள் உதவியது.

கடிதத்தில் 233211 என்ற தொழில் எண்ணோடு சிவில் பொறியாளர் என்று இருந்தது. ஆறு ஆண்டு நான்கு மாத அனுபவமும் ஏற்கப்பட்டிருந்தது. விசாவுக்கு மூன்று ஆண்டுகள்வரைதான் அந்தக் கடிதத்தை எடுத்துக்கொள்வார்கள் என்பது தெரிந்தும் அன்று அதைப் பொருட்படுத்தவில்லை, ஏனென்றால் விசாவுக்கு விண்ணப்பிக்கச் சொல்லும் அழைப்பு சில மாதங்களில் வந்துவிடும் என்று நம்பினேன். 2020 மார்ச்சில் ஆஸ்திரேலியா எல்லையை மூடியது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான அழைப்புகள் ஏறக்குறைய நின்றுபோயின. காத்திருந்த காலத்தில் ஆங்கிலத் தேர்வு முடிவு காலாவதியாகி, மறுபடியும் எழுதினேன். வயது, அனுபவம், ஆங்கிலம் போன்றவற்றுக்குத் தரும் புள்ளிகளைப் பார்த்துத்தான் அழைப்பு விடுக்கிறார்கள். எட்டு ஆண்டு அனுபவம் நிறைந்ததால் 5 புள்ளிகள் கூடின. சில மாதங்களில் 33 வயது ஆனதால் 5 புள்ளிகள் குறைந்தன. கடிதம் காலாவதியாக மூன்று மாதம் இருந்தபோது, 2022 ஆகஸ்டில், 70 புள்ளிகளுக்கு, நிரந்தரக் குடியிருப்புக்கான 189 விசா அழைப்பு வந்தது. மதிப்பீட்டை முதல் வேலையாக முடித்துவிட்டுப் பிறகு கூடுதல் மதிப்பெண்ணுக்காக ஆங்கிலத் தேர்வுக்கு மறுபடி தயாராகலாம் என்று நினைக்கிறவர்களிடம் நான் சொல்வது, இந்தக் கடிகாரங்கள் தனித்தனியே ஓடுகின்றன, எது எப்போது நிற்கும் என்று ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிக்கொள்ளுங்கள் என்பதே.

2023இல் மெல்பர்ன் வந்த பிறகு நான் சென்ற ஏழு நேர்காணல்களில் ஒருவர்கூட அந்தக் கடிதத்தைக் கேட்கவில்லை. அதன் வேலை விசாவோடு முடிந்துவிட்டது. ஆனால் நகரின் மேற்குப் புறநகரில் வீடுகளுக்கு அடித்தளம் வடிவமைக்கும் ஒரு சிறு அலுவலகத்தில், மண்ணைப் பற்றிப் பேச்சு வந்தது. இங்கே எரிமலைப் பாறை மட்கி உண்டான களிமண், மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிறது, ஏ.எஸ். 2870 விதித்தொகுப்பில் அந்த அசைவை வைத்தே மனைகளை வகைப்படுத்துகிறார்கள். விளாத்திகுளம் பள்ளிக்கூடத்தை அப்படியே எடுத்துச் சொன்னேன், 'நான்' என்று தொடங்கி, கூச்சமில்லாமல், ஒரு வரி பிசகாமல். நாற்பது நிமிடம் கரிசல் மண்ணைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். இப்போதும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். விக்டோரியாவில் 2019ஆம் ஆண்டுச் சட்டப்படி பொறியாளர்கள் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்பதால், அதற்காக மறுபடியும் என் வேலைகளைப் பற்றி நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சென்ற மாதம் மனைவியின் தம்பி கோவில்பட்டியிலிருந்து அழைத்து, "அத்தான், உங்க சி.டி.ஆரை மட்டும் அனுப்புங்க, பாத்துட்டுத் தந்துர்றேன்" என்றார். கோப்பை அனுப்ப மாட்டேன் என்றதும் அவருக்கு வருத்தம்தான். அதற்குப் பதிலாக ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் அவர் வேலைகளை ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னேன். நான்குவழிச் சாலை, காற்றாலை, தொழிற்பேட்டை என்று அடுக்கிக்கொண்டே போனவர், வைப்பாற்றில் ஒரு தடுப்பணையின் மதகு நீளத்தைத் தான் மாற்றச் சொன்னதாகவும், அதற்காகப் பொறுப்பாளரோடு சண்டை போட்டதாகவும் போகிற போக்கில் சொன்னார். அந்தக் கணக்குத் தாள் இருக்கிறதா என்று கேட்டேன். பரணில் தேடிக்கொண்டிருக்கிறார்.