9.9 குதிரைத்திறன் அவுட்போர்டு: பெட்ரோல் கோளாறை டேங்கிலிருந்து தேடிப் பாருங்கள்

தூத்துக்குடிப் பக்கம் கரையோர மீன்பிடிக்கு ஓடும் ஃபைபர் படகு எங்களுடையது. பின்னால் இருப்பது 9.9 குதிரைத்திறன், இரண்டு சிலிண்டர், டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார். பல வருடமாக ஒரே இன்ஜின்தான். கியரோ விசிறியோ பெரிதாகத் தொல்லை தந்ததில்லை. நடுக்கடலில் நிற்க வைத்ததெல்லாம் பெரும்பாலும் பெட்ரோல் சரியாக வந்து சேராததுதான்.

மோட்டார் திணறினால் கரையில் முதலில் கை வைப்பது கார்ப்பரேட்டரில். நான் அதைக் கடைசியில்தான் தொடுவேன். உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் பித்தளை ஜெட்டின் சின்னத் துளையில் கம்பியை விட்டுக் குத்தினால் துளை பெரிதாகி, அப்புறம் அந்த மோட்டார் பழைய மாதிரி ஓடாது. கோளாறு அதற்கு முன்னாலேயே எங்கேயாவது இருக்கும். டேங்கிலிருந்து ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தால் பிடிபட்டுவிடும்.

அதற்கு, டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் ஹோஸின் நடுவில் கையால் அமுக்கும் ரப்பர் பல்பே போதும். அம்புக்குறி மோட்டார் பக்கம் பார்த்திருக்க வேண்டும். அந்த முனை மேலே இருக்கும்படி நிமிர்த்திப் பிடித்து அமுக்கினால் உள்ளே இருக்கும் வால்வுகள் நன்றாகப் பிடிக்கும். பெட்ரோல் நிறைந்ததும் பல்பு கெட்டியாகும். எவ்வளவு அமுக்கியும் கெட்டியாகவில்லை என்றால் டேங்குக்கும் பல்புக்கும் நடுவே காற்று புகுகிறது, அல்லது பல்பின் வால்வு போய்விட்டது. கார்ப்பரேட்டரிலிருந்து பெட்ரோல் சொட்டினால் காரணம் வேறு: பெட்ரோல் நிறைந்ததும் வழியை அடைக்க வேண்டிய ஃப்ளோட் ஊசி மூடவில்லை. ஓடும்போது பல்பு கொஞ்சம் மெத்தென்று இருப்பது இயல்புதான். ஆனால் சப்பையாக ஒட்டிப்போனால் டேங்க் பக்கம் அடைப்பு. முதலில் டேங்க் மூடியில் இருக்கும் காற்றுத் திருகைப் பாருங்கள். அது மூடியிருந்தால் உள்ளே காற்று போகாது, பெட்ரோலும் வெளியே வராது. வயலில் தண்ணீர் இறைக்கும் சின்ன பெட்ரோல் இன்ஜினிலும் இதே கதைதான். கொஞ்ச நேரம் ஓடி நின்று, ஆறவிட்டதும் மறுபடி ஓடினால் மூடியைத் தளர்த்தி ஓட்டிப் பாருங்கள்.

மெதுவாக ஓடுகிறது, வேகம் கூட்டினால் அணைகிறது என்றால் ஓடும்போதே ஒருவர் பல்பை அமுக்கிக்கொடுக்க வேண்டும். அப்போது உயிர் வந்தால் ஃப்யூவல் பம்பு பலவீனம், அல்லது அதற்கு முன்னால் காற்றோ அடைப்போ இருக்கிறது. எது என்று தெரிய பக்கத்துப் படகுக்காரரிடம் "அண்ணே, டேங்கையும் ஹோஸையும் ஒரு நிமிஷம் கொடுங்க" என்று வாங்கி மாட்டிவிடுவேன். அதில் நன்றாக ஓடினால் மோட்டாரைத் திறக்கவே வேண்டாம். கோளாறு நம் டேங்கிலோ ஹோஸிலோதான். எங்களுக்கு அதிகம் தேய்ந்தது மோட்டாரில் மாட்டும் கனெக்டரின் ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம். வெளியே ஒரு சொட்டுகூடக் கசியாது, ஆனால் பம்பு இழுக்கும்போது காற்றை உறிஞ்சும். கண்ணாடி மாதிரி தெரியும் ஹோஸ் ஒரு துண்டை நடுவில் பொருத்தினால் குமிழி ஓடுவது கண்ணுக்கே தெரியும்.

மாற்று டேங்கிலும் திணறினால் அடுத்து பார்க்க வேண்டியது பம்பின் டயாஃப்ரம். இந்தப் பம்புக்குக் கரண்ட் கிடையாது. மோட்டாரின் கிராங்க் தண்டு சுழலும் கிராங்க் அறையின் அழுத்தம் ஏறி இறங்குவதில் அந்த மெல்லிய சவ்வு துடித்துப் பெட்ரோலைத் தள்ளுகிறது. சவ்வில் ஊசித்துளை விழுந்தால் பெட்ரோல் நேராக கிராங்க் அறைக்குள் போகும். ஒரு ஸ்பார்க் பிளக் மட்டும் நனைந்து, புகை கூடினால் இதைச் சந்தேகப்படலாம்.

திணறும் மோட்டாரை "கரை சேர்ந்துடலாம்" என்று முறுக்கி ஓட்டாதீர்கள். டூ ஸ்ட்ரோக்கில் ஆயில் பெட்ரோலில் கலந்துதான் வருகிறது. எங்களுடையதற்கு 50-க்கு 1, அதாவது லிட்டருக்கு 20 மில்லி. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொண்டால், சின்ன ரப்பர் வளையத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை சிலிண்டர் வரை போய்விடும். வேகத்தைக் குறைத்து, பல்பை அமுக்கிக்கொண்டே வருவது எவ்வளவோ மேல்.

2023-இல் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பங்குகளுக்கு வரத் தொடங்கியதிலிருந்து தண்ணீர் விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்கிறேன். எத்தனால் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மிஞ்சினால் இரண்டும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். உறிஞ்சும் குழாயும் அடியில்தானே இருக்கிறது. போதாததற்கு ஆயில் மேலே உள்ள பெட்ரோலோடு நின்றுவிடும். டேங்கின் அடியிலிருந்து கொஞ்சம் எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் ஒரு ராத்திரி வைத்தால் இரண்டு அடுக்காகப் பிரிந்திருப்பது தெரியும். அப்படிப் பிரிந்ததை மறுபடி குலுக்கிக் கலந்து ஊற்றக் கூடாது. பழைய ஹோஸின் உள்பூச்சும் எத்தனாலில் உரிந்து வழியை அடைக்கும். வெளியே புதிதுபோல இருந்தாலும் உள்ளே தொங்கிக்கொண்டிருக்கும். அதனால் ஹோஸ் வாங்கும்போது எத்தனால் தாங்குமா என்று கேட்டே வாங்குகிறேன். தண்ணீர் பிரிக்கும் ஃபில்டரும் வைத்திருக்கிறேன். செலவழித்த காசுக்கு நிறைவாக உழைக்கும் பொருள் அது.

ஐப்பசி, கார்த்திகை மழையில் படகு நாள்கணக்கில் கரையில் கிடக்கும்போது ஹோஸைக் கழற்றி, மோட்டாரின் கீழ்ப்பகுதியைத் தண்ணீர் டிரம்மில் இறக்கி, கார்ப்பரேட்டரில் உள்ள பெட்ரோல் தீரும்வரை ஓட்டி அணைக்கிறோம். உள்ளே பெட்ரோல் காய்ந்தால் பிசினாகப் படிந்து, முதலில் அடைவது மெதுஓட்டத்துக்கான சின்ன ஜெட்தான்.

இதே மாடலை மறுபடி வாங்குவேன். இவ்வளவையும் ஒரு ஸ்க்ரூடிரைவரும் ஸ்பேனரும் வைத்துப் படகிலேயே பார்த்துவிட முடிகிறது என்பதுதான் காரணம். பெட்டியில் உபரியாக ஒரு பல்பு, இரண்டு ஓ-ரிங், கிளாம்புகள், ஒரு ஃபில்டர், டயாஃப்ரம் கிட் எப்போதும் இருக்கும்.