புதிதாக வந்த நாய் எங்கே படுப்பது? பல்கனி, கூண்டு, கட்டிலடி

தெருவிலிருந்து மீட்ட நாயொன்றை வீட்டுக்குக் கொண்டுவருபவர்கள் முதலில் கேட்பது, என்ன சாப்பாடு கொடுப்பது என்றுதான். நான் திருப்பிக் கேட்பது, "இன்றிரவு அது எங்கே படுக்கப்போகிறது?" என்று. முதல் சில இரவுகள் சரியாக அமைந்தால் மற்றதெல்லாம் பாதி சுலபம்.

ரோசி கொழும்பு வெள்ளவத்தையில் உள்ள எங்கள் தொடர்மாடிக்கு வந்தபோது இரண்டு வயதிருக்கும். சந்தைப் பக்கம் காலில் அடிபட்டுக் கிடந்தவளை ஓர் அக்கா தூக்கிப்போய், மருந்து கட்டி, கருத்தடையும் செய்வித்து இரண்டு மாதம் வைத்திருந்தார். ஓட்டோவில் வரும் வழி முழுக்க நடுங்கினாள். முதல் பத்து நாட்களில் மூன்று இடங்களில் மாற்றி மாற்றிப் படுக்கவைத்தோம். அப்படி மாற்றியதே அவளை அலைக்கழித்தது. நீங்களாவது ஒன்றை முன்கூட்டியே தீர்மானித்துக்கொள்ளுங்கள்.

பல்கனி அம்மாவின் முடிவு. நாய் என்றால் வெளியில்தான் படுக்க வேண்டும் என்றார். யாழ்ப்பாணத்தில் வளவும் வேலியுமாக இருந்த வீட்டில் வளர்ந்தவர். அங்கே நாய் முற்றத்தில் படுத்துக் காவல் காத்தது. அதில் பிழையில்லை. ஆனால் அந்த நாய் குட்டியிலிருந்தே அதே வளவில் ஓடித் திரிந்தது, அங்குள்ள ஒவ்வொரு சத்தமும் அதற்குத் தெரியும். ஐந்தாம் மாடிப் பல்கனி அப்படியா? கீழே மரைன் டிரைவ், அதற்கப்பால் கரையோர ரயில் பாதை, பிறகு கடல். ரயில் ஹோன் அடிக்கும்போதெல்லாம் ரோசி கம்பிகளுக்கிடையே தலையை நுழைத்தாள். பயந்த நாய் பாய்ந்தும் விடும். தொடர்மாடியில் இருப்பவர்கள் இந்த வழியை நினைக்கவே வேண்டாம். கொட்டாஞ்சேனைப் பக்கம் முற்றமுள்ள பழைய வீடு என்றாலும், முதல் மாதம் உள்ளேதான் வைத்திருங்கள். கேற் ஒரு நிமிடம் திறந்திருந்தால் போதும், ஓடிய நாய்க்குத் திரும்பி வர வழி தெரியாது.

கூண்டைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும், கெட்டதும் சொல்ல வேண்டும். மூன்று பக்கம் மூடிய, குறுகலான இடத்தை நாய்கள் தாமாகவே தேடிப்போகும். படுக்கும் இடத்தை அழுக்காக்க விரும்பாது என்பதால், குட்டியென்றால் வெளியே போகப் பழக்கவும் கூண்டு உதவும். ஆனால் அதெல்லாம் கதவு திறந்திருக்க, சாப்பாட்டை உள்ளே வைத்து, நாட்கணக்கில் பழக்கினால் மட்டும். வலை போட்டுப் பிடிபட்ட நாய்க்கும், கட்டிக் கிடந்த நாய்க்கும் பூட்டிய கதவு வேறு கதையைச் சொல்லும். நாங்கள் இரவல் கூண்டில் இரண்டாம் இரவே பூட்டினோம். விடியும்போது ரோசியின் நகங்களில் இரத்தம். அந்தப் பிழை எங்களுடையது, கூண்டினுடையது இல்லை. அப்புறம் கதவைக் கழற்றிவிட்டு, அம்மம்மாவின் பழைய பருத்திச் சேலையை மேலே போட்டோம். தீபாவளி வெடிச் சத்தத்துக்கு அவள் தானாக ஓடிப்போய்ப் படுத்தது அதற்குள்தான்.

கட்டிலடிதான் என் தேர்வு. ஒரு பாய், மேலே பழைய துணி, நம் கை எட்டும் தூரம். செல்லம் கொடுத்துப் பழுதாக்காதே என்று பலர் எச்சரித்தார்கள். நாய் பயந்து முனகுவது நம்மை ஏமாற்றும் தந்திரம் இல்லை. பயம் என்பது உணர்வு. பக்கத்தில் இருந்து ஆறுதல் தருவதால் அது வளர்வதில்லை, தணியத்தான் செய்யும். பதற்றத்தில் சுரக்கும் கார்டிசோல் என்ற ஹோர்மோன் இடம் மாறியவுடன் இறங்கிவிடாது, நாட்கள் எடுக்கும். அந்த நாட்களில் இருட்டில் ஒரு மனிதரின் மூச்சுச் சத்தம் கேட்பது பெரிய காரியம். நமக்கும் பயனுண்டு: மூன்று மணிக்கு அவள் எழுந்து வட்டமிட்டால் உடனே தெரியும், கீழே கூட்டிப்போகலாம்.

முதல் நாளே மிருக வைத்தியரிடம் காட்டி உண்ணி, புழு, விசர் தடுப்பூசி மூன்றையும் பார்த்துவிடுங்கள். உண்ணிக் காய்ச்சல் இங்கே சாதாரணம். சாப்பிடாமல் சோர்ந்து, பல்முரசு வெளிறியிருந்தால் "புது இடம், அதனால்தான்" என்று விட்டுவிடக்கூடாது. சின்னப் பிள்ளைகள் படுக்கும் அறையில் விடாதீர்கள். தூங்கும் நாயைத் தொட்டு எழுப்பாமல், பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள்.

சாப்பாட்டில் சோறும் மீனுமா, கடை உணவா என்ற வாதத்தை முதல் வாரம் தள்ளிவையுங்கள். முன்பு வைத்திருந்தவர் கொடுத்ததையே கொடுங்கள், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து மாற்றலாம். வெங்காயம், உள்ளி, பிளம்ஸ் என்று நாம் சொல்லும் உலர்ந்த திராட்சை எதுவும் வேண்டாம். பிளம்ஸ் போட்ட சர்க்கரைப் பொங்கலில் ஒரு வாய் கொடுக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், கொடுத்துவிடாதீர்கள்.

வெளியே போகும்போது கழுத்துப் பட்டி மட்டும் போதாது. மிரண்ட நாய் பின்னுக்கு இழுத்துத் தலையை உருவிவிடும். காலி வீதியின் வாகன நெரிசலில் அது நடந்தால் நினைத்துப் பார்க்கவே முடியாது. நெஞ்சைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸும் பட்டியும் சேர்த்துப் போட்டு, இரண்டிலும் கயிறு கொழுவுங்கள்.

நாய் மீட்பவர்கள் 3 நாள், 3 வாரம், 3 மாதம் என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: பதற்றம் இறங்க, வீட்டு ஒழுங்கு பிடிபட, இது தன் வீடு என்று நம்ப. ஒவ்வொரு நாய்க்கும் கூடக்குறையும். ரோசி மூன்றாம் வாரம்தான் முதல் தடவை வாலாட்டினாள். அதன்பின் பாயை இரண்டு நாளைக்கொரு தடவை ஒரு முழம் கதவுப் பக்கம் நகர்த்தினேன். இப்போது ஹோலில் சாப்பாட்டு மேசைக்குக் கீழே, அவளே தேர்ந்த இடத்தில் படுக்கிறாள். பாய் மடித்து அலுமாரிக்கு மேலே இருக்கிறது. இடி முழங்கும் இரவுகளில் மட்டும் அதை எடுத்துக் கட்டிலடியில் விரித்துவைக்கிறேன்.