ஒரே கேட், நாலு தகடு: எது எத்தனை கிலோ?

தூத்துக்குடியில் ஒரு வீட்டுக்கு ஸ்லைடிங் கேட் அளவெடுக்கப் போயிருந்தேன். 4 மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் உயரம். வீட்டுக்கார அம்மா டிசைன் படம் எதையும் பார்க்கவில்லை. “தம்பி, பிள்ளைங்க எல்லாம் வெளியூர்ல. இதை நான் ஒருத்தியாத்தான் தள்ளணும். தள்ள முடியுமா?” என்று மட்டும் கேட்டார்கள். கேட் போட வருகிறவர்களில் பாதிப் பேர் கேட்க மறந்துபோகிற கேள்வி அது. அதற்கு எடைக் கணக்கு போட்டுத்தான் பதில் சொல்ல முடியும்.

கணக்கு சின்னதுதான். ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு மில்லிமீட்டர் உயரத்துக்குத் தண்ணீர் நின்றால் அது சரியாக ஒரு லிட்டர், ஒரு கிலோ. அதே இடத்தில் இரும்புத் தகடு இருந்தால் 7.85 கிலோ, ஏனென்றால் இரும்பு தண்ணீரைப் போல 7.85 மடங்கு கனம். ஆக, பரப்பைச் சதுர மீட்டரிலும் தடிமனை மில்லிமீட்டரிலும் எடுத்து, அடர்த்தி எண்ணோடு பெருக்கினால் நேராகக் கிலோவில் விடை வந்துவிடும். சைபர் எண்ணிக் குழம்ப வேண்டியதில்லை. எஸ்.எஸ். 304 என்ற துருப்பிடிக்காத எஃகுக்கு 7.93, அலுமினியத்துக்கு 2.7, பாலிகார்பனேட்டுக்கு 1.2. இந்த நாலு எண்ணும் மனப்பாடமாக இருந்தால் போதும்.

அந்த அம்மாவின் கேட்டுக்குப் பரப்பு 6 சதுர மீட்டர். வழக்கமாகப் போடும் 1.6 மி.மீ. எம்.எஸ். தகடு, அதாவது சாதாரண இரும்புத் தகடு என்றால் 75 கிலோ. 1.2 மி.மீ. என்றால் 56.5 கிலோ. எஸ்.எஸ். 304 அதே 1.2 மி.மீ.யில் 57 கிலோ. எடையைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றுதான். அலுமினியம் 2 மி.மீ. போட்டால் 32.4 கிலோ.

ஏன் அலுமினியத்துக்கு மட்டும் 2 மி.மீ.? இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். ஒரே தடிமனில் இரண்டு உலோகத்தை ஒப்பிட்டு, “அலுமினியம் மூணுல ஒரு பங்கு எடை” என்று சொல்லிவிடுவார்கள். அது கேட்டுக்கு உதவாத கணக்கு. கையால் அமுக்கினால் அலுமினியம் அதே தடிமனுள்ள இரும்பைப் போல மூன்று மடங்கு வளையும். ஆனால் தகட்டின் விறைப்பு தடிமனோடு வேகமாக ஏறும்: தடிமன் இரண்டு மடங்கானால் விறைப்பு எட்டு மடங்கு. அதனால் 1.2 மி.மீ. இரும்பின் விறைப்பைக் கொண்டுவர அலுமினியத்தில் 1.7 மி.மீ. போதும். அதன் எடை 27.5 கிலோ, அதாவது இரும்பில் ஏறக்குறையப் பாதி. நியாயமான ஒப்பீடு இதுதான். 2 மி.மீ. போட்டால் இரும்பைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் விறைப்பும் கிடைக்கிறது, எடையும் 24 கிலோ குறைகிறது.

ஏ.சி.பி. ஷீட்டையும் சிலர் கேட்பார்கள். 4 மி.மீ. ஏ.சி.பி. என்றால் முழுக்க அலுமினியம் இல்லை. இரண்டு பக்கமும் மெல்லிய அலுமினியத் தோல், நடுவில் பிளாஸ்டிக். தோல் கால் மி.மீ. என்றால் இரண்டுக்கும் சேர்த்து 0.5 × 2.7 = 1.35, நடுவில் 3.5 மி.மீ. பாலிஎத்திலீன் 0.92 வீதம் 3.22, சதுர மீட்டருக்கு 4.57 கிலோ. கேட்டுக்கு 27 கிலோ. தோல் அரை மி.மீ. உள்ள நல்ல ரகம் சதுர மீட்டருக்கு ஐந்தரை கிலோ வரும், அதனால் வாங்குமுன் ஒரு துண்டை எடை போட்டுப் பார்த்தாலே எந்த ரகம் என்று பிடித்துவிடலாம். எடையில் ஏ.சி.பி. ஜெயிக்கிறது. ஆனாலும் தெருவைப் பார்த்த கேட்டுக்கு நான் அதைப் போட மாட்டேன். சைக்கிள் ஹேண்டில் ஒரு தடவை இடித்தால் விழும் பள்ளத்தைத் தட்டி எடுக்கவே முடியாது.

அப்புறம், கேஜ். தகட்டின் தடிமனைக் கடையில் சொல்லும் எண் அது. இந்தச் சொல்லை நம்பி நான் ஒரு முறை நன்றாக ஏமாந்திருக்கிறேன். “16 கேஜ்” என்று பில் போட்டுப் பத்து எம்.எஸ். ஷீட் வந்து இறங்கியது. வளைக்கும்போது கைக்கு ஏதோ லேசாகத் தெரிந்தது. தடிமன் அளக்கும் மைக்ரோமீட்டர் கருவியை வைத்தேன். வெட்டிய ஓரத்தில் பிசிர் இருந்ததால் 1.55 காட்டியது. பிசிரை அரம் போட்டு எடுத்துவிட்டு, இரண்டு சென்டிமீட்டர் உள்ளே தள்ளி வைத்தால் 1.4. ஒரு ஷீட்டைத் தராசில் ஏற்றினேன்: 32.7 கிலோ. 1.6 மி.மீ. ஷீட் என்றால் 37.4 கிலோ இருந்திருக்க வேண்டும். ஷீட் கணக்கில் காசு கொடுத்திருந்ததால் பத்து ஷீட்டில் கிட்டத்தட்ட 47 கிலோ இரும்பு போயிற்று. கிலோ கணக்கில் வாங்கியிருந்தால் காசு தப்பியிருக்கும், விறைப்பு தப்பியிருக்காது. 1.6-க்குப் பதில் 1.4 என்றால் விறைப்பில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகிறது.

கேஜ் என்ற எண்ணே ஊருக்கு ஒன்று. பிரிட்டிஷ் அட்டவணையில் 16 கேஜ் 1.63 மி.மீ., அமெரிக்க எஃகு அட்டவணையில் 1.52, அமெரிக்க அலுமினிய அட்டவணையில் 1.29. அதனால் ஆர்டரில் மில்லிமீட்டர் மட்டுமே எழுதுங்கள். வந்த சரக்கைச் சோதிக்க ஒரு சுருக்கு வழி உண்டு. எட்டுக்கு நாலு அடி ஷீட்டின் பரப்பு 2.977 சதுர மீட்டர். எம்.எஸ். ஷீட்டின் எடையை 23.4-ஆல் வகுத்தால் தடிமன் மில்லிமீட்டரில் வரும். அலுமினியத்துக்கு 8-ஆல் வகுத்தால் போதும். மைக்ரோமீட்டர் ஓரத்தை மட்டும்தான் பார்க்கும், தராசு முழு ஷீட்டையும் பார்க்கும். இரண்டில் ஒன்றுதான் கையில் இருக்கும் என்றால் நான் தராசைத்தான் எடுப்பேன். ஷீட் 2500-க்கு 1250 மி.மீ. அளவு என்றால் பரப்பு 5 சதவீதம் கூடும், அதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தராசு சொல்லாத ஒன்றும் இருக்கிறது. எஸ்.எஸ். 304-க்கும் 202 என்ற இன்னொரு எஸ்.எஸ். ரகத்துக்கும் எடை வித்தியாசம் 2 சதவீதம்கூட இல்லை. காந்தமும் இரண்டிலும் ஒட்டாது. 304 என்று சொல்லி 202 கொடுத்தால் எடையை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது. மாங்கனீஸ் சொட்டு டெஸ்ட் போட்டோ, தகடு செய்த ஆலை தரும் மில் சர்டிஃபிகேட் கேட்டோதான் தெரிந்துகொள்ள வேண்டும். கடற்கரை ஊரில் இந்த வித்தியாசம் சீக்கிரமே துருவாக வெளியே வரும்.

விலைக்கும் இதே கணக்குதான். கிலோ விலையைக் கேட்டதும் அலுமினியம் கட்டுப்படியாகாது என்று எழுந்து போகிறவர்கள் உண்டு. கேட்டில் ஏறுவது 57 கிலோ எஸ்.எஸ்.ஸா, 32 கிலோ அலுமினியமா என்று எழுதி, அன்றைய விலையோடு பெருக்கிய பிறகு முடிவெடுங்கள். வெட்டுக் கழிவு தனி. வாங்குகிற எடையும் கேட்டில் ஏறுகிற எடையும் ஒன்றாக இருக்காது.

ஃபிரேமையும் விடக்கூடாது. சதுரக் குழாயை விரித்தால் அதுவும் தகடுதான். 40-க்கு 40, 2 மி.மீ. எம்.எஸ். குழாயின் சுற்றளவு நடுக்கோட்டில் 152 மி.மீ.; மீட்டருக்கு 0.152 × 2 × 7.85, அதாவது 2.4 கிலோ. இந்தக் கேட்டுக்கு 18 மீட்டர் குழாய், 43 கிலோ. ஆகமொத்தம் 1.6 மி.மீ. எம்.எஸ். தகட்டோடு 118 கிலோ, 2 மி.மீ. அலுமினியத்தோடு 75 கிலோ.

கடலிலிருந்து தள்ளி இருக்கும் ஊர், கேட்டைத் தள்ள இளவட்டங்கள் இருக்கும் வீடு என்றால் 1.2 மி.மீ. ஜி.ஐ. தகடே, அதாவது துத்தநாகம் பூசிய இரும்புத் தகடே போதும் என்று சொல்லியிருப்பேன். துத்தநாகப் பூச்சு சதுர மீட்டருக்கு 120 கிராம் என்றாலும் மொத்தக் கேட்டுக்கு முக்கால் கிலோகூட ஏறாது. அந்த அம்மாவுக்கு அலுமினியம்தான் போட்டேன். உப்புக் காற்றில் அலுமினியமும் இரும்பும் நேராக உரசி நின்றால் அலுமினியம் அரித்துவிடும் என்பதால், ஃபிரேமுக்கு எபாக்சி பிரைமர் இரண்டு கோட் அடித்து, தகட்டுக்கும் குழாய்க்கும் நடுவே ரப்பர் பட்டை வைத்து ரிவெட் அடித்தோம். ரோலரில் ஏற்றியதும் அவர்களையே தள்ளச் சொன்னேன். இடது கையில் பால் பாத்திரத்தோடு வந்து, வலது கையால் தள்ளிப் பார்த்தார்கள். கேட் போய்ச் சேர்ந்தது.