6,800 ராண்டுக்கு ஒரு மயிலிறகு: லோகோ செய்யக் கொடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள்

ஞாயிற்றுக்கிழமை நடந்தது. இன்றைக்குச் செவ்வாய். ரெண்டு ராத்திரியாகச் சரியான தூக்கம் இல்லை. எழுத்து முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். 6,800 ராண்ட் போய்விட்டது. கடை பெயரை எழுதப் போவதில்லை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் போர்டு, பேனர், விசிட்டிங் கார்டு அடிக்கிற கடைதான். கண்ணாடிக் கதவில் 'பிராண்டிங்' என்றும் ஒட்டியிருப்பார்கள். அந்த மாதிரிக் கடைக்குள் போகிற அடுத்த ஆளாவது தப்பிக்கட்டும்.

லோகோ என்றதும் பெரிய ஸ்டுடியோ என்று நினைத்துவிடாதீர்கள். ஒரு கேமரா, ரெண்டு லென்ஸ், ஒரு ஃபிளாஷ், ஒரு பழைய டொயோட்டா, நான். அவ்வளவுதான் 'பொழுது', என் படமெடுக்கும் தொழிலின் பெயர். அத்தான் இங்கே கோயிலில் தவில் வாசிக்க வந்தவர். அவர் பின்னால் வந்து, கோயில் விசேஷங்களைச் சும்மா படமெடுக்க ஆரம்பித்து, அப்படியே சாட்ஸ்வர்த், மெரபேங்க், வெருலம், டோங்காட் என்று கல்யாணம் காட்சிக்குக் கூப்பிடும் அளவுக்கு வந்தேன். போன வருஷம் தீமிதியில் நான் எடுத்த ஒரு படம் ஊர் முழுக்க வாட்ஸ்அப்பில் சுற்றியது. எடுத்தவன் யார் என்று ஒருத்தருக்கும் தெரியாது. மூலையில் சின்னதாகப் பெயர் போட்டிருந்தேன், அதை வெட்டிவிட்டு அனுப்பியிருந்தார்கள். அப்போதுதான் எனக்குப் பிடிவாதம் வந்தது: தைப்பூசத்துக்குள் ஒரு லோகோ. காவடி அன்றைக்கு நாலு பேரிடம் கார்டு கொடுத்தால் ரெண்டு கல்யாணம் வரும், இங்கே தொழில் செய்கிறவர்களுக்குத் தெரியும்.

"வெறும் எழுத்தே போதும்டா"ன்னு அத்தான் அப்பவே சொன்னார். கேட்கவில்லை.

கடைக்குள் நுழைந்ததும் கடைக்காரர் எழுந்து நின்று "வணக்கம்" என்றார். ஐம்பது வயசு இருக்கும். கல்லாவுக்கு மேலே முருகன் படம், புதுப்பூ. அவருக்குத் தெரிந்த தமிழ் பத்து வார்த்தை இருக்கும், அந்தப் பத்தையும் எனக்காகவே செலவு பண்ணினார். ஆயா, தாத்தா, சாப்பிட்டீங்களா, நல்லது. 1860இல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு மதராஸிலிருந்து வந்த முதல் கப்பலிலேயே தன் குடும்பம் வந்தது என்றார். (ட்ரூரோ என்ற அந்தக் கப்பலில் வந்தவர்கள் 342 பேர். என்னிடம் இதைச் சொன்னவர்களின் குடும்பங்களை எல்லாம் ஏற்றியிருந்தால் அது மதராஸ் துறைமுகத்திலேயே முழுகியிருக்கும்.) அன்றைக்கு எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. வெளியூரில் ஒருத்தர் ஆயா என்று சொன்னாலே மனசு இளகிவிடுகிறது, என்ன செய்ய.

நான் என்ன படம் எடுக்கிறேன் என்று கேட்டார். காவடி, கல்யாணம் என்றேன். ஒரு டெலிவரி சீட்டைத் திருப்பிப் போட்டு, காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்தார். கீழிருந்து மேலே ஒரே இழுப்பு. தண்டு. ரெண்டு பக்கமும் விசிறி மாதிரி ஏழெட்டுக் கோடு. உச்சியில் ஒரு கண். அந்தக் கண்ணுக்குள் ஒன்றுக்குள் ஒன்றாக மூன்று வட்டம். சீட்டை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "மயிலிறகின் கண்தான் உன் லென்ஸ், பிரதர்" என்றார்.

எனக்குப் புல்லரித்துவிட்டது. காவடியில் கட்டுகிற மயிலிறகு, முருகன், என் கேமரா, எல்லாம் ஒரு சீட்டுக்குள். கை நடுங்கவில்லை, ஒரு கோடு அழிக்கவில்லை. எவ்வளவு பெரிய கலைஞன் என்று நினைத்தேன். அதே படத்தை எத்தனை பேருக்கு வரைந்து வரைந்து அந்தக் கை பழகியிருக்கும் என்பது இப்போதுதான் உறைக்கிறது.

6,800 ராண்ட். மூன்று டிசைன் காட்டுவோம், எத்தனை திருத்தம் சொன்னாலும் செய்வோம், எல்லா ஃபைலும் தருவோம். பாதி முன்பணம். அங்கேயே நின்று போனிலிருந்து 3,400 அனுப்பினேன். ரசீது கொடுத்தார். அதில் எழுதியிருந்தது 'பிராண்டிங் - 1'. அவ்வளவுதான். எதை வரைவார்கள், யாருக்குச் சொந்தம், என்ன ஃபைல், ஒரு வரி இல்லை. நானும் மடித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

ஒன்பது நாள் கழித்து மூன்று டிசைன் வந்தது. ஒன்று, கேமரா லென்ஸின் இதழ்கள் சுற்றி நிற்கும் வட்டம். ஊரில் பாதி ஃபோட்டோகிராஃபர்களிடம் இருப்பது. இன்னொன்று, சரிந்த கையெழுத்தில் பெயர். மூன்றாவது மயிலிறகு. மற்ற ரெண்டையும் பார்த்தால் யாராக இருந்தாலும் மயிலிறகைத்தான் எடுப்பார்கள், அதற்காகவே செய்தது.

அதிலேயே ஒரு கோளாறு இருந்தது. 'பொழுது' என்ற தமிழ் எழுத்து உடைந்து கிடந்தது. கொம்பு ப-வுக்கு முன்னால் வராமல் பின்னால் போய் நின்றது. ழு-வும் து-வும் சுழி கழன்று, பக்கத்தில் புள்ளி வட்டத்தில் தனியாகத் தொங்கியது. டிசைன் சாஃப்ட்வேரில் இந்திய மொழிகளுக்கான அமைப்பைப் போடாமல் ஒட்டினால் இப்படித்தான் வரும். கேட்டேன். "இங்கே யார் தமிழ் படிக்கப் போறாங்க, பிரதர்?" என்று சிரித்தார். முருகன் படத்துக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு. அப்போதே எழுந்து வந்திருக்க வேண்டும். நானோ வீட்டுக்குப் போய், சரியான எழுத்தை நானே செய்து அனுப்பி வைத்தேன். 6,800 வாங்கியவருக்கு நான் வேலை பார்த்துக் கொடுத்திருக்கிறேன்.

மீதி 3,400 போட்டால்தான் ஃபைல் என்றார். போட்டேன். வந்தது ஒரே ஒரு ஜேபெக். அகலம் 800 பிக்சல், பின்னணி வெள்ளை. படத்தின் மூலையில் வைத்தால் வெள்ளைக் கட்டம் தெரிகிறது. ஆல்பம் கட்டுகிறவரிடம் கொண்டுபோனேன், தோல் அட்டையில் அழுத்திப் பதிக்க அச்சு செய்ய வேண்டும். பெரிதாக்கிப் பார்த்தார். ஓரமெல்லாம் படிக்கட்டு மாதிரி. "இதை வைத்து அச்சு செய்ய முடியாது, வெக்டர் ஃபைல் வாங்கி வா. அதோடு இந்தக் கோடெல்லாம் மயிர் மாதிரி இருக்கு, அட்டையில் ஒன்றும் பதியாது" என்றார். வெக்டர் என்றால் கோடுகளைக் கணக்காகவே வைத்திருக்கும் ஃபைல். ஈபிஎஸ், எஸ்விஜி, அந்த வகை. கார் கதவளவு பெரிதாக்கினாலும் உடையாது. லோகோ என்று ஒன்றை வரைந்தவரிடம் அது இல்லாமல் இருக்கவே முடியாது. வரைந்திருந்தால்.

அதற்கப்புறம் ஆரம்பித்தது கூத்து. வெக்டர் ஃபைல் கேட்டு வாட்ஸ்அப் போட்டேன். "ஜஸ்ட் நௌ." இந்த ஊர் 'ஜஸ்ட் நௌ' தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: அதற்கு 'இப்போதே' என்று அர்த்தமில்லை. இன்றைக்கு, நாளைக்கு, அடுத்த பிறவியில், எதுவாகவும் இருக்கலாம். நாலு நாள் கழித்துக் கேட்டால், கரண்ட் இல்லை. என் வீட்டில் ஃபேன் ஓடுகிறது, அதே பேட்டையில் அவர் கடை. அடுத்தது, டிசைனர் வேலையை விட்டுப் போய்விட்டான். அடுத்தது, கம்ப்யூட்டர் ரிப்பேர். அடுத்தது, முதலாளி காவடி விரதம். முதலாளியே இவர்தானே! போன் செய்தால் எடுத்த பெண், "ஷேம் (இங்கே 'அடப் பாவமே' என்று அர்த்தம்), நான் சொல்லிவிடுகிறேன்" என்கிறாள், ஒவ்வொரு தடவையும் அதே குரலில். பிறகு ஒருநாள் அவரே எழுதினார்: வெக்டர் ஃபைல் வேண்டுமென்றால் தனியாக 1,500. 'எல்லா ஃபைலும் தருவோம்' என்றீர்களே என்று கேட்டதற்கு ரெண்டு நீல டிக், பதில் இல்லை.

தைப்பூசம் வந்தது, போனது. மங்கலாக அடித்த கார்டைத்தான் கொடுத்தேன். சரி, 6,800 கொடுத்துவிட்டோம், இன்னும் 1,500ஐ விட்டெறிந்து முடித்துவிடலாமா என்றுகூட யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை வெருலத்தில் ஒரு கல்யாணம். நான் பெண் வீட்டு ஆள். மாப்பிள்ளை வீட்டார் தனியாக வீடியோ கூட்டி வந்திருந்தார்கள். தாலி முடிந்து, பந்திக்கு விளக்கு மாற்றிக்கொண்டிருந்தபோது வீடியோ பையன் ஸ்டாண்டைக் குனிந்து மடக்கினான். அவன் முதுகைப் பார்த்தேன். கறுப்பு டீஷர்ட். நடுவில் நீலத்தில் ஒரு மயிலிறகு. உச்சியில் கண். கண்ணுக்குள் மூன்று வட்டம். கீழே அவன் பெயர்.

என் டீஷர்ட்டில் அதே இறகு, பச்சையில்.

பெண்ணின் ஆயா ரெண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "நீங்க ரெண்டு பேரும் ஒரே கம்பெனியா?" என்று கேட்டார். பாவம், நல்ல மனசோடு கேட்டார். எனக்கு அங்கேயே நிலம் பிளந்தால் தேவலை என்றிருந்தது. பையனைச் சமையல்கட்டுப் பக்கம் கூட்டிப்போய்க் கேட்டேன். அதே கடை. "உங்களுக்கும் சீட்டைத் திருப்பிப் போட்டு..." என்று ஆரம்பித்தான். "மயிலிறகின் கண்தான் உன் லென்ஸ்" என்று முடித்தேன். அவன் கொடுத்தது 5,200. நான் 6,800. அதிலும் நான்தான் ஏமாளி.

ராத்திரி அந்த இறகைப் போனில் படத்தேடலில் போட்டேன். அரை நிமிஷம்கூட ஆகவில்லை. டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டியே செய்து வைத்த டிசைன் விற்கிற ஒரு தளத்தில் இருக்கிறது, சில டாலருக்கு யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம். எங்கேயோ ஒரு யோகா வகுப்பு, ஒரு நகைக்கடை, ஒரு தலையணை விற்கிறவர், எல்லாருக்கும் அதே இறகு. அடியில் நிபந்தனை தெளிவாக எழுதியிருக்கிறது: டிரேட்மார்க்காகப் பதிவு செய்யக் கூடாது. நான் 590 ராண்ட் கட்டிச் படமெடுக்கும் சேவை வருகிற பிரிவு 41இல் டிரேட்மார்க் பதிவு செய்ய வேண்டும் என்று விண்ணப்பத்தைப் பாதி நிரப்பி வைத்திருந்தேன்!

நேற்று கடைக்கே போனேன். இந்தத் தடவை வணக்கம் இல்லை. "ஐடியா எல்லாருக்கும் பொதுதானே. கலர் வேறதானே" என்றார். பணத்தைத் திருப்பிக் கேட்டால், "வேலையை ஒத்துக்கொண்டு மீதிப் பணம் போட்டது நீதானே?" என்கிறார். அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை, அதுதான் வயிற்றெரிச்சல்.

கோயிலுக்கு வருகிற வக்கீல் அக்கா ஒருத்தரிடம் சாயங்காலம் ரசீதைக் காட்டினேன். அவர் சொன்னதைக் கேட்டபிறகு இன்னும் எரிகிறது. இந்த நாட்டு 1978ஆம் வருஷப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துப் படமெடுக்கச் சொன்னால், வேறு மாதிரி ஒப்பந்தம் இல்லாதவரை, படத்தின் உரிமை காசு கொடுத்தவருக்குத்தான். அதாவது நான் எடுக்கிற கல்யாணப் படம் எனக்குச் சொந்தமில்லை. ஆனால் காசு கொடுத்து லோகோ வரையச் சொன்னால் அந்தச் சலுகை இல்லை. வரைந்தவர் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் உரிமை கைமாறும். நிஜமாகவே அவர் வரைந்திருந்தாலும் 6,800 கொடுத்த எனக்கு அது சொந்தமாகியிருக்காது! படத்துக்கு ஒரு நியாயம், லோகோவுக்கு ஒரு நியாயம், ரெண்டிலும் வெளியே நிற்பது நான்.

சிறு வழக்கு நீதிமன்றத்துக்குப் போகலாம் என்கிறார் அக்கா. 20,000 ராண்ட் வரையிலான வழக்கை எடுப்பார்கள், வக்கீல் வைக்க முடியாது, நாமே பேச வேண்டும். முதலில் பணத்தைக் கேட்டு 14 நாள் கெடு கொடுத்து ஒரு கடிதம். நாளைக் காலையில் கையிலேயே கொண்டுபோய்க் கொடுக்கப் போகிறேன், அத்தான் சாட்சிக்கு வருகிறார். கூடவே வீடியோ பையனும்.

லோகோ தேர்ந்தெடுக்க என்னென்ன பார்க்க வேண்டும் என்று விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன். கை ஓடவில்லை. அவசரத்துக்கு இது: காட்டுகிற டிசைனைப் பணம் கொடுக்கும் முன் படத்தேடலில் போட்டுப் பாருங்கள். வெக்டர் ஃபைலும் உரிமை மாற்றமும் ரசீதிலேயே எழுதி வாங்குங்கள், 'பிராண்டிங் - 1' என்றால் வாங்காதீர்கள். ஒரே நிறத்தில், நகத்தளவு சின்னதாக்கிப் பாருங்கள், அப்போதும் தெரிந்தால்தான் படத்தின் மூலையிலும் ஆல்பம் தோலிலும் நிற்கும். தமிழ் எழுத்தை நீங்களே ஒவ்வொன்றாகப் படித்துப் பாருங்கள். பென்சிலைப் பார்த்து மயங்காதீர்கள். வேறு ஒன்றும் இப்போது தோன்றவில்லை.

டர்பன், பீட்டர்மாரிட்ஸ்பர்க் பக்கம் யாராவது இதே இறகைக் காசு கொடுத்து வாங்கியிருந்தால் சொல்லுங்கள். தண்டு கொஞ்சம் இடப்பக்கம் வளைந்திருக்கும், கண்ணுக்குள் மூன்று வட்டம், நிறம் எதுவாகவும் இருக்கலாம். ரசீதைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அந்த டெலிவரி சீட்டும் யாரிடமாவது இருந்தால், என்னுடையதோடு பக்கத்தில் வைத்து நீதிமன்றத்தில் காட்ட வேண்டும்.