போட்டுக் காட்டும் சீனியரா, போடவைக்கும் சீனியரா?

முதல் செமஸ்டர் கணக்கில் திணறும் ஜூனியருக்கு ஒரு சீனியர் மாலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குகிறார் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு மணி நேரத்தில் அவரே கணக்கைப் போட்டுக் காட்டலாம். இல்லை, பேனாவை ஜூனியர் கையிலேயே விட்டுவிட்டுக் கேள்வி கேட்கலாம். எங்கள் ஓட்டு கேள்வி கேட்பதற்குத்தான்.

போட்டுக் காட்டுவதன் வசதி எல்லோருக்கும் தெரியும். ஆறேழு கணக்கு முடியும், நோட்டு நிறையும். நாளைக்கே அரியர் பரீட்சை என்றால் வேறு வழியும் இல்லை. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தபோது புரிந்த கணக்குக்கு, வெற்றுத்தாளில் முதல் வரி எழுத வராது.

போடவைப்பதில் வேகம் குறைவு. ஒரு மணி நேரத்தில் இரண்டு கணக்கு முடிந்தாலே நல்லது. முதல் ஐந்து நிமிடம் ஜூனியர் தனியாக முயல வேண்டும். முட்டினால் உதவியைச் சிறிது சிறிதாகக் கூட்ட வேண்டும். முதலில், “கேள்வி என்ன கேட்குது, உன் வார்த்தையில சொல்லு.” அடுத்து, “இதே மாதிரி கணக்கு உன் நோட்டுல எங்க இருக்கு?” அதற்கும் நகரவில்லை என்றால் அடுத்த படியின் பெயரை மட்டும் சொல்லலாம். கடைசியாகத்தான் ஒரு வரி எழுதிக் காட்டுவது, அதுவும் வேறு எண்களில், வேறு தாளில். ஒவ்வொன்றுக்கும் இடையே ஒரு நிமிடமாவது வாய் திறக்காமல் இருக்க வேண்டும். பெரும்பாலும் சொதப்புவது இந்த மௌனத்தில்தான்: சீனியர் பொறுக்கமாட்டாமல் “மைனஸ் தானே வரும்?” என்று கேட்டுவிடுவார், ஜூனியர் தலையாட்டிவிடுவார். “புரிஞ்சுதா?” என்ற கேள்வியாலும் பயனில்லை, பதில் எப்போதும் “ம்”தான். “அடுத்த வரி ஏன் இப்படி?” என்று கேளுங்கள்.

எங்களுக்கு முடிவைத் தீர்மானித்தது ஒரே ஒரு விஷயம்: விடை சரியா என்று யார் சொல்கிறார்கள்?

அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டத்தில் முதல் செமஸ்டர் கணக்கின் முதல் யூனிட்டே மேட்ரிக்ஸ்தான். முதல் வரிசை 2, 1. இரண்டாவது வரிசை 1, 2. இதன் ஐகன் வேல்யூ (மேட்ரிக்ஸிலிருந்து ஒரு சமன்பாடு அமைத்துக் கண்டுபிடிக்கும் எண்கள்) 3, 1. ஜூனியர் சமன்பாட்டின் நடு உறுப்பில் குறியை மாற்றி எழுதிவிட்டு −3, −1 என்று கொண்டுவருகிறார். “தப்பு” என்று சீனியர் சொன்னால் கதை அங்கேயே முடிந்தது, அடுத்த முறையும் அவர் முகத்தைத்தான் பார்ப்பார். அதற்குப் பதிலாக, “மூலைவிட்டத்தைக் கூட்டு, உன் விடைகளையும் கூட்டு” என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு கூட்டுத்தொகையும் ஒன்றாக வர வேண்டும். ஆனால் ஒரு பக்கம் 4, மறுபக்கம் −4. தப்பை அவரே பிடித்துவிடுவார். விடைகளின் பெருக்கல்தொகை டிடர்மினன்ட்டுக்கு (இங்கே 2×2 − 1×1) சமமா என்று மட்டும் பார்த்திருந்தால் இரண்டும் 3 என்றே வந்து இந்தப் பிழை தப்பியிருக்கும். அதனால் இரண்டு சோதனையும் வேண்டும். இன்டக்ரேஷன் என்றால் விடையை டிஃபரன்ஷியேட் செய்து பார்க்கலாம், சமன்பாடு என்றால் விடையைப் பிரதியிடலாம். இந்தச் சோதனைகள் கைக்கு வந்தபின் விடுதி அறையில் தனியாக உட்கார்ந்தும் படிக்க முடியும். நியூயார்க் சிட்டி காலேஜில் வேதியியல் பாடத்துக்காக 1990களில் வளர்ந்த சக மாணவர் குழுமுறையில் விடைத்தாளையே கொடுப்பதில்லை. விடை சரியா என்பதைக் குழுவே பேசி முடிவுசெய்ய வேண்டும்.

ஓரிடத்தில் போட்டுக் காட்டுவதே சரி. டிடர்மினன்ட் எடுக்கவே தெரியாதவரிடம் கேள்விமேல் கேள்வி கேட்டால் அவர் மிரண்டுதான் போவார். முதல் கணக்கை முழுதாகப் போட்டுக் காட்டுங்கள். இரண்டாவதில் கடைசி இரண்டு வரியை அவருக்கு விடுங்கள். மூன்றாவதில் முதல் வரி மட்டும் உங்களுடையது. நான்காவதிலிருந்து பேனா அவருடையது.

மூன்றாவது வாரத்திலிருந்து முதல் 20 நிமிடம் சீனியர் பக்கத்தில் இருக்கவே வேண்டாம். எந்த வரியில் நின்றது, என்ன முயன்றார் என்று எழுதிவைத்திருந்தால் மட்டும் உதவி. “ஒண்ணுமே புரியல” என்றால் திரும்பப் போய் ஒரு வரியாவது எழுதிவரச் சொல்லுங்கள்.

இதெல்லாம் விடையைச் சோதிக்க வழி உள்ள பாடங்களுக்குப் பொருந்தும். இன்ஜினியரிங் கிராஃபிக்ஸ் போல, கோணமும் கோடும் பார்த்துப் பழக வேண்டிய பாடத்துக்கு இதே முறையை இவ்வளவு உறுதியாகச் சொல்லத் தயங்குகிறோம். அங்கே சீனியர் ஒரு முறை வரைந்து காட்டுவதே ஜூனியரின் நேரத்தை மிச்சப்படுத்தக்கூடும்.