விழிக்காத மானிட்டரும் மாற்றாத போர்டும்

கணினி தூக்கநிலையிலிருந்து எழுந்த பிறகும் மானிட்டர் மட்டும் கறுப்பாகவே நிற்கும் கோளாறுக்காக, திருச்சியில் ஒரு பழுதுபார்க்கும் கடையில் 4,200 ரூபாய் கொடுத்து ஏமாந்தேன். பணம் போனதைவிட, இன்னும் நான்கு மாதம் மீதமிருந்த வாரன்டி அத்துடன் போனதுதான் எனக்கு ஆறவில்லை. இதே கோளாறோடு மானிட்டரைப் போர்வையில் சுற்றிக் கடைக்குத் தூக்கிச் செல்ல நினைப்பவர்கள், கிளம்புமுன் இதைப் படித்துவிடுங்கள்.

வீட்டிலேயே டிடிபி வேலை, அதாவது அச்சுக்கான பக்கங்களைக் கணினியில் வடிவமைக்கும் வேலை பார்க்கிறேன். ஆவணி முகூர்த்தப் பத்திரிகைகள் குவிந்திருந்த நேரம் அது. மதியச் சாப்பாட்டுக்கு எழுந்து போய்த் திரும்பினால், மவுஸை எவ்வளவு உருட்டினாலும் படம் வராது. மானிட்டரின் கீழ்மூலையில் இருக்கும் சிறுவிளக்கு ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கும். சிபியுவின் பொத்தானை அழுத்திப் பிடித்து அணைத்துப் போடுவேன். அப்படிச் செய்ததில், சேமிக்காமல் வைத்திருந்த பத்திரிகை ஒன்று இரண்டு முறை அழிந்து போனது.

கடைக்காரர் மானிட்டரை மேசைமேல் வைத்துத் தம் லேப்டாப்பில் இணைத்தார். படம் உடனே வந்தது. வந்ததையே அவர் நோய்க்குச் சான்றாகச் சொன்னதுதான் வேடிக்கை. "மெயின் போர்டு வீக் ஆயிடுச்சு சார். இப்ப வரும், ரெண்டு நாள்ல மொத்தமா போயிடும்" என்றார். லேப்டாப்பை ஒருமுறைகூட அவர் தூங்கவைத்துப் பார்க்கவில்லை. வீட்டில் எந்தக் கேபிளில் இணைத்திருக்கிறீர்கள் என்றும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. மூன்று நாள் கழித்து "போர்டு மாற்றியாச்சு" என்று திருப்பிக் கொடுத்தார். பில் கேட்டதற்கு, கடை அட்டையின் பின்புறத்தில் தொகையை மட்டும் எழுதித் தந்தார்.

அடுத்த மூன்றாம் நாள் மதியம், அதே கறுப்புத் திரை, அதே ஆரஞ்சு விளக்கு.

அன்று பொறியியல் படிக்கும் என் அக்கா மகன் வீட்டுக்கு வந்திருந்தான். "மாமா, எதையும் அணைக்காதீங்க, கேப்ஸ் லாக்கை அமுக்கிப் பாருங்க" என்றான். கீபோர்டில் விளக்கு எரிந்தது, மறுபடி அழுத்த அணைந்தது. அப்படியானால் கணினி விழித்துத்தான் இருக்கிறது, மானிட்டருக்குத்தான் செய்தி போகவில்லை என்றான். பிறகு விண்டோஸ், கன்ட்ரோல், ஷிஃப்ட் ஆகிய மூன்றையும் பிடித்துக்கொண்டு பி (B) எழுத்தை அழுத்தினான்; திரைக்குப் படம் அனுப்பும் மென்பொருளான கிராஃபிக்ஸ் டிரைவரை மட்டும் புதிதாகத் தொடங்கவைக்கும் சேர்க்கை அது. 'பீப்' என்ற ஓசை கேட்டது, படம் வரவில்லை. மானிட்டரின் மின்சார வயரை ஒரு நிமிடம் பிடுங்கிவிட்டுச் செருகியதும், நான் பாதியில் விட்டுப்போன பத்திரிகை அப்படியே திரையில் நின்றது.

கடைக்காரரின் பிழைப்பு இதில்தான் இருக்கிறது. இந்தக் கோளாறு பெரும்பாலும் மின்சாரத்தைப் பிடுங்கியவுடன் தற்காலிகமாக விலகிவிடுகிறது. மானிட்டரைக் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமானால் பிடுங்கித்தானே ஆக வேண்டும்? ஆகையால் கடை மேசையில் அது ஒழுங்காகவே வேலை செய்யும். போர்டு மாற்றியதாகச் சொன்னாலும், மந்திரித்துக் கொடுத்ததாகச் சொன்னாலும் வீட்டுக்கு வந்து ஓரிரு நாள் ஓடும்.

உண்மைக் காரணம், கோளாறு தொடங்குவதற்கு இரண்டு வாரம் முன்பு நான் 250 ரூபாய்க்கு வாங்கிப் போட்ட, கணினியிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோகும் டிஸ்ப்ளேபோர்ட் கேபிளும், மானிட்டர் மெனுவில் இருந்த 'டீப் ஸ்லீப்' என்ற அமைப்பும்தான். டிஸ்ப்ளேபோர்ட்டில் இணைத்த மானிட்டர் ஆழ்ந்த ஓய்வுக்குப் போய்விட்டால், கேபிளே பிடுங்கப்பட்டது போலக் கணினிக்குத் தோன்றுவதுண்டு. விழிக்கும்போது இரண்டும் மறுபடி கைகோத்து, எந்த வேகத்தில் படத்தை அனுப்புவது என்று பேசி முடிக்க வேண்டும், அந்தப் பேச்சு முறிந்தால் படம் வராது. மேலும், இந்தக் கேபிளின் முனையில் இருக்கும் சிறு உலோகத் தொடுமுனைகளில் (pin) இருபதாவதை இருமுனையிலும் இணைக்கக்கூடாது என்பது விதி. மலிவுக் கேபிள்கள் சிலவற்றில் அது இணைந்திருப்பதால் மானிட்டரின் 3.3 வோல்ட் மின்சாரம் கிராஃபிக்ஸ் கார்டுக்குள் கசிந்து இத்தகைய தொல்லைகளைத் தருகிறது. நல்ல கேபிள் போட்டதும் கோளாறு வாரத்துக்கு ஒருமுறையாகக் குறைந்தது; டீப் ஸ்லீப்பை நிறுத்தியதும் முற்றாக நின்றது.

போர்டு மாற்றப்படவே இல்லை என்பதும் அந்த மெனுவில்தான் தெரிந்தது. பத்திரிகை நிறங்களுக்காக நான் வைத்திருந்த பிரகாசம் 34, சிவப்பு 47 எல்லாம் அப்படியே இருந்தன. இந்த அளவுகள் மெயின் போர்டில் பதிந்திருப்பவை, புதுப் போர்டு என்றால் கம்பெனி அளவுகள்தான் இருந்திருக்கும். 'பழைய போர்டு' என்று அவர் செய்தித்தாளில் சுற்றிக் கொடுத்ததைப் பிரித்தேன். அதில் விஜிஏ என்ற பழைய வகைக் கேபிளைச் செருகும் நீல நிற வாய் இருந்தது. என் மானிட்டரில் விஜிஏ என்றைக்குமே இருந்ததில்லை.

கம்பெனி சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனபோது, உள்ளே இருப்பது அவர்கள் போர்டுதான் என்று உறுதி செய்தார்கள். ஆனால் விளிம்பில் நெம்பிய கீறல்களைக் காட்டி, வெளியாள் திறந்துவிட்டதால் வாரன்டி செல்லாது என்றும் சொல்லிவிட்டார்கள். ஆக, கடைக்காரர் போர்டை மாற்றாமல், திறக்க மட்டும் செய்திருக்கிறார்.

எல்லா மானிட்டருக்கும் கேபிள்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. கறுப்புத் திரையில் டார்ச் அடித்துப் பார்த்தால் படம் மங்கலாகத் தெரிகிறது என்றால் பின்னொளியில் பழுது. கேபிளையும் கணினியையும் மாற்றிய பிறகும் விளக்கு விட்டுவிட்டு எரிந்து, படம் வர வெகுநேரம் பிடிக்கிறது என்றால் பவர் போர்டில் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் உப்பியிருக்கலாம். அவற்றுக்குக் கடைதான் வேண்டும். அப்போதும் உங்கள் கேபிளைக் கையோடு கொண்டுபோய், உங்கள் கண்முன்னே தூங்கவைத்து எழுப்பிக் காட்டச் சொல்லுங்கள்; வாரன்டி இருந்தால் கம்பெனியைத் தவிர யாரையும் திறக்கவிடாதீர்கள்.

2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி பில் தர மறுப்பதே முறையற்ற வணிக நடைமுறை. நான் யூபிஐயில் செலுத்தியதால் பணம் போன தடம் இருக்கிறது. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். நீல வாய் கொண்ட அந்தப் போர்டைச் சுற்றிக் கொடுத்த செய்தித்தாளோடு அப்படியே பீரோவில் வைத்திருக்கிறேன்.